டேட்டாபேஸ் ‘கனெக்ட் ஆகலை’: எந்த வாசலில் நிற்கிறீர்கள்?

“டிபி கனெக்ட் ஆகலை.” அலுவலக வாட்ஸாப் குழுவில் இந்த ஒரு வரி வந்தால் போதும், நாலு பேர் நாலு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் ஃபயர்வாலைத் திற என்பார். இன்னொருவர் எல்லா ஐபியையும் அனுமதி என்பார். மூன்றாமவர் கனெக்‌ஷன் எண்ணிக்கையை ஆயிரமாக்கு என்பார். நாலாவது ஆள் எதுவும் சொல்லாமல் சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டிருப்பார். சில சமயம் இதில் ஏதோ ஒன்று வேலையும் செய்துவிடும். வினையே அங்கேதான் தொடங்குகிறது. எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது, செய்த மாற்றங்கள் எல்லாம் சர்வரில் அப்படியே தங்கிவிடும்.

‘கனெக்ட் ஆகலை’ என்பதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. மூன்றும் நடக்கும் இடம் வேறு, மருந்தும் வேறு. எந்த இடம் என்று சொல்ல டேட்டாபேஸ் தன்னால் முடிந்தவரை முயற்சி செய்கிறது. நாம்தான் பிழைச் செய்தியைப் படிப்பதில்லை.

எடுத்துக்காட்டுக்கு போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். எல்லாரும் சொல்வதுபோல் இனி போஸ்ட்கிரெஸ். மைஎஸ்கியூஎல்லில் பெயர்களும் எண்களும் மாறும், வரிசை ஏறக்குறைய இதுதான். செட்டிங் பெயர்களும் பிழைச் செய்திகளும் உங்கள் திரையில் ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே உச்சரிப்பைத்தான் எழுதுகிறேன்.

## ஷட்டர், செக்யூரிட்டி, விற்பனையாளர்

பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் பட்டுப் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கடை ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அடுத்து, வாசலில் நிற்கும் செக்யூரிட்டி உள்ளே விட வேண்டும். அப்புறம், உங்களுக்கென்று ஒரு விற்பனையாளர் வந்து உட்கார வேண்டும். நீங்கள் எழுந்து போகும்வரை அவர் உங்களோடுதான். நீங்கள் புடவை பார்த்தாலும் சரி, போனில் ஊர்க்கதை பேசினாலும் சரி, அவரை வேறு வாடிக்கையாளருக்கு அனுப்ப முடியாது.

டேட்டாபேஸ் சர்வரும் இப்படித்தான். எந்த முகவரியில் காது கொடுப்பது என்பது ஷட்டர். யார், எங்கிருந்து, எந்த அடையாளத்தோடு வரலாம் என்பது செக்யூரிட்டி. உள்ளே வந்தவருக்கு ஒதுக்கப்படும் தனி ப்ராசஸ்தான் விற்பனையாளர்.

## முதல் வாசல்: சர்வர் காது கொடுக்கிறதா?

சில சொற்களை முதலில் பார்த்துவிடலாம். சர்வர் என்பது கோரிக்கைக்காகக் காத்திருக்கும் புரோகிராம். கிளையன்ட் என்பது அதைத் தேடி வரும் புரோகிராம். உங்கள் வெப்சைட்டும் கிளையன்ட்தான், நீங்கள் கட்டளை அடிக்கும் பிஎஸ்கியூஎல் திரையும் கிளையன்ட்தான். ஐபி முகவரி என்பது நெட்வொர்க்கில் ஒரு கணினியைக் கண்டுபிடிக்க உதவும் எண். போர்ட் என்பது அந்தக் கணினிக்குள் எந்தப் புரோகிராமைக் கேட்கிறோம் என்று சொல்லும் எண். போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட் 5432, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306.

போஸ்ட்கிரெஸில் ஷட்டரைத் திறக்கும் செட்டிங்கின் பெயர் லிசன் அட்ரசஸ். நிறுவியதும் அதன் மதிப்பு லோக்கல்ஹோஸ்ட், அதாவது ‘இதே கணினி’. பக்கத்து மேசைக் கணினிகூட வெளியாள்தான். புதிதாக நிறுவிய போஸ்ட்கிரெஸ் இன்னொரு கணினியிலிருந்து கனெக்ட் ஆகாததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். இதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

இந்த செட்டிங்கைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘யாரை அனுமதிக்க வேண்டும்’ என்று எழுதும் இடம் என்று நினைத்து, கிளையன்டின் ஐபியை இங்கே போடுகிறார்கள். இங்கே எழுத வேண்டியது சர்வர் கணினியின் சொந்த முகவரி. ஒரு கணினிக்குப் பல முகவரிகள் இருக்கலாம்: தன்னைத்தானே கூப்பிட 127.0.0.1, அலுவலக நெட்வொர்க்கில் 192.168.10.5, வெளி இணையத்துக்கு வேறொன்று. இவற்றில் எந்தெந்த முகவரியில் கேட்பது என்பதுதான் கேள்வி. 192.168.10.40-ல் இருக்கும் பில்லிங் கணினியை அனுமதிக்க வேண்டும் என்று அந்த எண்ணை மட்டும் இங்கே போட்டு ரீஸ்டார்ட் செய்தால், சர்வர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அந்த முகவரி என் கணினியிலேயே இல்லையே என்று லாகில், அதாவது தன் குறிப்புக் கோப்பில், எழுதிவிட்டு நின்றுவிடும். நட்சத்திரக் குறி போட்டால் தன் எல்லா முகவரிகளிலும் கேட்கும்.

இந்த வாசலில் நிறுத்தப்பட்டால் எப்படித் தெரியும்? எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள். கண் இமைக்கும் நேரத்தில் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால், பெரும்பாலும் கணினிவரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், ஆனால் அந்த முகவரியில், அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. பதிலே வராமல் நெடுநேரம் தொங்கி, கடைசியில் ‘டைம்டு அவுட்’ என்று வந்தால், வழியில் ஒரு ஃபயர்வால், அதாவது நெட்வொர்க் கோரிக்கைகளை வடிகட்டும் காவல், உங்கள் கோரிக்கையைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்க அதிக வாய்ப்பு. கிளவுடில் சர்வர் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டாவது நிலையில் முதலில் பார்க்க வேண்டியது அங்குள்ள நெட்வொர்க் விதிகளை. டேட்டாபேஸின் கோப்புகளை எத்தனை முறை திருத்தினாலும் பலன் இருக்காது.

டாக்கர் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரே. ஆப் ஒரு கன்டெய்னரில், டேட்டாபேஸ் இன்னொன்றில் இருக்கும்போது ஆப்பின் செட்டிங்கில் லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டால், அது தன் வீட்டுக்குள்ளேயே டேட்டாபேஸைத் தேடிக்கொண்டிருக்கும்.

இதுவரை பார்த்தது: லிசன் அட்ரசஸ் சர்வரின் சொந்த முகவரிகளைப் பற்றியது. உடனடி மறுப்பு வந்தால் ஷட்டரைப் பாருங்கள், நீண்ட மௌனம் என்றால் வழியைப் பாருங்கள். இந்த செட்டிங்கை மாற்றினால் சர்வரை ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும்.

## இரண்டாம் வாசல்: செக்யூரிட்டி கையில் இருக்கும் பட்டியல்

யாரை விடுவது என்று எழுதும் இடம் பிஜி எச்பிஏ என்ற தனிக் கோப்பு. எங்கிருந்து வருகிறார் என்பதை வைத்து அடையாளம் சரிபார்ப்பது என்பதைத்தான் எச்பிஏ சுருக்கமாகச் சொல்கிறது. ஒவ்வொரு வரியும் ஒரு விதி. வரும் வழி, எந்த டேட்டாபேஸ், எந்தப் பயனர், எந்த முகவரி, எப்படிச் சரிபார்ப்பது என்ற வரிசையில் எழுத வேண்டும். ஒரு சின்னப் பட்டியல்:

லோக்கல் | ஆல் | ஆல் | பியர்
ஹோஸ்ட் | கணக்கு | பில்லிங் | 192.168.10.0/24 | ஸ்க்ராம்
ஹோஸ்ட் | ஆல் | ஆல் | 0.0.0.0/0 | ரிஜெக்ட்

இரண்டாவது வரியைப் படித்துப் பார்க்கலாம். நெட்வொர்க் வழியாக, ‘கணக்கு’ என்ற டேட்டாபேஸுக்கு, ‘பில்லிங்’ என்ற பயனர், 192.168.10 என்று தொடங்கும் எந்த முகவரியிலிருந்து வந்தாலும், ஸ்க்ராம் முறையில் பாஸ்வேர்டைச் சரிபார். சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் 24, முதல் மூன்று எண்கள் பொருந்தினால் போதும் என்கிறது. அந்தத் தொகுப்பில் 256 முகவரிகள். 32 என்றால் ஒரே ஒரு முகவரி, 0 என்றால் உலகம் முழுவதும்.

செக்யூரிட்டி இந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிப்பார். பொருந்தும் முதல் வரியோடு நிறுத்திவிடுவார். அந்த வரி சொன்னதுதான் தீர்ப்பு, கீழே என்ன எழுதியிருந்தாலும் கணக்கில் வராது.

பில்லிங் பயனர் 192.168.10.40-லிருந்து வருகிறார். முதல் வரி லோக்கல், நெட்வொர்க்கில் வருபவருக்குப் பொருந்தாது. இரண்டாவது பொருந்துகிறது, பாஸ்வேர்டு கேட்கிறது. பாஸ்வேர்டு தவறு என்றால் அங்கேயே முடிந்தது. ‘சரி, அடுத்த வரியைப் பார்ப்போம்’ என்ற பேச்சே இல்லை. அதே பயனர் 192.168.20.7-லிருந்து வந்தால் இரண்டாவது வரி பொருந்தாது, மூன்றாவது வரி வெளியே அனுப்பிவிடும். இப்போது இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் இடம் மாற்றிப் பாருங்கள். வரிகள் அதேதான், ஆனால் நெட்வொர்க் வழியாக ஒருவர்கூட உள்ளே வர முடியாது. விதியைக் கடைசியில் சேர்த்துவிட்டு ‘சேர்த்தேனே, ஏன் வேலை செய்யவில்லை’ என்று தலையைச் சொறிபவர்கள் மேலே இருக்கும் வரிகளைப் படித்தால் விடை கிடைத்துவிடும்.

(உண்மையில் அந்த மூன்றாவது வரி இல்லாவிட்டாலும் முடிவு அதேதான். எந்த வரியும் பொருந்தாதவருக்கு இயல்பாகவே அனுமதி இல்லை. படிப்பவருக்குத் தெளிவாக இருக்கட்டும் என்று சிலர் எழுதிவைப்பார்கள்.)

முதல் வரியில் இருக்கும் பியர் என்ற சொல் உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் நிறுவும் அத்தனை பேரையும் ஒருமுறையாவது முட்ட வைக்கும். லோக்கல் என்றால் நெட்வொர்க்கே இல்லாமல், அதே கணினிக்குள் இருக்கும் சாக்கெட் கோப்பு வழியாக வருவது. அப்போது பாஸ்வேர்டு கேட்பதில்லை. லினக்ஸில் நீங்கள் எந்தப் பெயரில் லாகின் ஆகியிருக்கிறீர்களோ அதே பெயர் டேட்டாபேஸ் பயனராகவும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அதனால்தான் சரியான பாஸ்வேர்டு கையில் இருந்தும் ‘பியர் ஆதன்டிகேஷன் ஃபெயில்டு’ என்று வருகிறது. கட்டளையில் ஹோஸ்ட் என்று லோக்கல்ஹோஸ்டைக் குறிப்பிட்டுவிட்டால் நீங்கள் நெட்வொர்க் வழியாக வந்தவராகிவிடுவீர்கள், அப்போது பார்க்கப்படும் வரியே வேறு.

இனி டிரஸ்ட். இந்தச் சொல்லைக் கடைசி வரியில், உலக முகவரி அத்தனைக்கும் போட்டு ‘இப்போ ஓடுது’ என்று நிம்மதியடைபவர்கள் உண்டு. டிரஸ்ட் என்றால் பாஸ்வேர்டே வேண்டாம், யார் என்று நீ சொல்கிறாயோ அதை நம்புகிறேன் என்று பொருள். வந்தவர் தன்னை நிர்வாகி என்று சொல்லிக்கொண்டால் நிர்வாகிதான். போஸ்ட்கிரெஸ் நிர்வாகியால் டேட்டாபேஸுக்குள் இருந்தபடியே சர்வர் கணினியில் கட்டளைகளை ஓட்டவும் முடியும். திறந்த 5432 போர்ட்டைத் தேடி இணையம் முழுக்கத் தட்டிப் பார்க்கும் தானியங்கிப் புரோகிராம்கள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் சர்வரை அவை கண்டுபிடிப்பதற்கு நீங்கள் பிரபலமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பாஸ்வேர்டு முறைகளில் இன்று தேர்ந்தெடுக்க வேண்டியது ஸ்க்ராம். பாஸ்வேர்டை நெட்வொர்க்கில் அனுப்பாமலேயே, அது தெரியும் என்று நிரூபிக்கும் முறை. 2017-ல் வந்த 10ஆம் பதிப்பில் சேர்ந்தது, 2021-ல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து அதுவே இயல்பு. பழைய எம்டி5 முறைக்கு 18ஆம் பதிப்பு விடைகொடுக்கத் தொடங்கிவிட்டது. வரியின் தொடக்கத்தில் ஹோஸ்ட் என்பதற்குப் பதில் ஹோஸ்ட்எஸ்எஸ்எல் என்று போட்டால், மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் வருபவருக்கு மட்டுமே அந்த வரி பொருந்தும். வெளி இணையம் வழியாகப் போகும் எதற்கும் அதைத்தான் போட வேண்டும்.

சுருக்கமாக: ‘நோ பிஜி எச்பிஏ என்ட்ரி’ என்றோ ‘பாஸ்வேர்டு ஆதன்டிகேஷன் ஃபெயில்டு’ என்றோ வந்தால் ஷட்டர் திறந்திருக்கிறது, ஃபயர்வாலை விட்டுவிடுங்கள். இந்தக் கோப்பை மாற்றினால் ரீஸ்டார்ட் தேவையில்லை, ரீலோட் போதும், அதாவது சர்வரை நிறுத்தாமல் கோப்பை மறுபடி படிக்கச் சொல்வது. கோப்பில் எழுத்துப்பிழை இருந்தால் ரீலோட் செய்தாலும் பழைய விதிகளே தொடரும், பிழை லாகில் மட்டும் தெரியும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களையும் புதிய விதி தொடாது, இனி வருபவர்களுக்குத்தான்.

## மூன்றாம் வாசல்: உங்களுக்கென்று ஒரு ப்ராசஸ்

பட்டியலில் பெயர் இருந்தும், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் திருப்பி அனுப்பப்படலாம். விற்பனையாளர்கள் தீர்ந்துவிட்டார்கள்.

போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் சர்வரில் ஒரு தனி ப்ராசஸை உருவாக்குகிறது. ப்ராசஸ் என்பது தனக்கென்று மெமரியோடு ஓடும் ஒரு புரோகிராம். மைஎஸ்கியூஎல் இதையே கொஞ்சம் லேசான திரெட்களை வைத்துச் செய்கிறது. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் என்ற செட்டிங்தான் உச்சவரம்பு: போஸ்ட்கிரெஸில் இயல்பாக 100, மைஎஸ்கியூஎல்லில் 151. போஸ்ட்கிரெஸின் நூறில் 3 இடம் நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டது. எல்லாம் அடைத்துக்கொண்டாலும் யாராவது உள்ளே போய்ச் சரிசெய்ய வேண்டுமே. ஆகவே ஆப்களுக்குக் கிடைப்பது 97. அது தீர்ந்ததும், மீதி இடங்கள் நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை என்ற பொருளில் செய்தி வரும். நூறும் தீர்ந்தால் ‘சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி’. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் துரத்தும் பிழைச் செய்தி கணினி உலகில் அபூர்வம்.

97 பேர் ஒரே நேரத்தில் வந்தால்தானே தீரும், எங்கள் தளத்துக்கு அவ்வளவு கூட்டம் ஏது என்று தோன்றலாம். ஒரு கணக்கைப் பார்க்கலாம். பைத்தானில் டேட்டாபேஸோடு பேச எஸ்கியூஎல்ஆல்கெமி என்ற லைப்ரரியைப் பயன்படுத்துகிறீர்கள். அது தன்னிடம் இயல்பாக 5 கனெக்‌ஷன்களை வைத்துக்கொள்ளும், நெருக்கடியில் இன்னும் 10 திறக்கும். ஆக 15. ஆனால் இந்த 15 ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனித்தனி. வெப் சர்வரில் 4 வொர்க்கர் ப்ராசஸ் ஓடினால் 60. அப்படி இரண்டு கணினிகள் இருந்தால் 120. ஆப்பின் செட்டிங் கோப்பில் நீங்கள் பார்ப்பது 5 என்ற அப்பாவி எண். சர்வர் பார்ப்பது 120. மாதக் கடைசியில் கூட்டம் கூடும்போதுதான் இது வெளியே தெரியும்.

இன்னொரு செய்தியையும் இதோடு குழப்பிக்கொள்வார்கள். அந்த 15-ம் பயன்பாட்டில் இருக்கும்போது பதினாறாவது கோரிக்கை வந்தால், எஸ்கியூஎல்ஆல்கெமி 30 விநாடி காத்திருந்துவிட்டு ‘க்யூபூல் லிமிட்’ என்று கத்தும். இது டேட்டாபேஸ் சொன்னதே இல்லை, உங்கள் ஆப்புக்குள்ளேயே நடந்த தகராறு. சர்வர் செட்டிங்கை மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

## எண்ணிக்கையை ஏற்றிவிட்டால் போதாதா?

பத்தில் ஒன்பது பேர் முதலில் செய்வது இதைத்தான்: 100-ஐ 500 ஆக்குவது. செய்தி மறைந்துவிடும். பிரச்சினை வேறு உருவத்தில் வரும்.

ஒர்க் மெம் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. ஒரு வரிசைப்படுத்தல் போன்ற வேலைக்கு ஒரு ப்ராசஸ் எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்பது அதன் பொருள். இயல்பாக 4 எம்பி. அறிக்கைகள் வேகமாக வர வேண்டும் என்று யாரோ அதை 64 எம்பி ஆக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 கனெக்‌ஷனும் ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒருமுறை அந்த அளவை எடுத்தால் 32,000 எம்பி. 16 ஜிபி கணினியில் இதன் முடிவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ‘டூ மெனி கிளையன்ட்ஸ்’ வந்தபோது சிலர்தான் வெளியே நின்றார்கள். மெமரி தீர்ந்தால் கடையே மூடிவிடும்.

மெமரி ஏராளமாக இருந்தாலும் சிபியு இருக்கிறதே. 8 கோர் கொண்ட கணினி ஒரே கணத்தில் உண்மையாகவே ஓட்டக்கூடிய ப்ராசஸ்கள் கைவிரல் அளவுதான். மீதி எல்லாம் முறைக்காகக் காத்திருக்கும், முறை மாற்றுவதற்கே நேரம் செலவாகும். போஸ்ட்கிரெஸ் விக்கியில் நெடுநாளாக இருக்கும் ஒரு தோராயக் கணக்கு: கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டு. 8 கோர், ஒரு டிஸ்க் என்றால் 17. மும்முரமாக வேலை செய்யும் கனெக்‌ஷன்கள் அவ்வளவு இருந்தாலே அந்தக் கணினி தன் முழு வேகத்தை எட்டிவிடும். எஸ்எஸ்டி காலத்தில் எண் கொஞ்சம் மாறலாம், 500 ஆகாது.

## புடவையை மடியில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள்

அப்படியென்றால் 97 இடத்தையும் யார்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற காட்சியை ஒரு டேபிள் போலவே செலக்ட் செய்து பாருங்கள். கனெக்‌ஷனுக்கு ஒரு வரி வரும். ஸ்டேட் என்ற நெடுவரிசையில் பெரும்பாலும் ‘ஐடில்’ என்றுதான் இருக்கும், சும்மா உட்கார்ந்திருப்பவர்கள். இடத்தை அடைக்கிறார்களே தவிர பெரிய தொல்லை இல்லை.

கவனிக்க வேண்டியது ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’. டிரான்சாக்‌ஷன் என்பது முழுதாக நடக்க வேண்டிய, இல்லையென்றால் எதுவுமே நடக்கக் கூடாத வேலைத் தொகுப்பு. ஒரு ஆர்டர் வருகிறது. ஆப் டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி, இருப்பில் ஒன்றைக் குறைக்கிறது, அப்படியே பணம் கட்டும் சேவையைக் கூப்பிட்டுவிட்டு பதிலுக்கு 20 விநாடி காத்திருக்கிறது. அந்த 20 விநாடியும் டேட்டாபேஸுக்கு வேலை இல்லை, ஆனால் அந்த இருப்பு வரி பூட்டப்பட்டிருக்கிறது. அதே பொருளை வாங்க வரும் அடுத்தவரின் அப்டேட் இதற்காக நிற்கும், அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஒரே புடவையை மடியில் விரித்துவைத்துக்கொண்டு ‘வீட்டுல கேட்டுச் சொல்றேன்’ என்று ஒருவர் போனை எடுத்தால், அதே புடவையைக் கேட்டு வந்த ஐந்து பேரும் அவரவர் விற்பனையாளரோடு காத்திருக்க வேண்டியதுதானே. இடம் தீர்ந்துபோவது இப்படித்தான்.

சரியான திருத்தம் ஆப்பில்: வெளிச் சேவையைக் கூப்பிடும் வேலையை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுப்பது. சர்வர் பக்கம் ஒரு காப்பு உண்டு. ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் செஷன் டைம்அவுட் என்ற நீளப் பெயர் கொண்ட செட்டிங், 9.6 பதிப்பிலிருந்து. இயல்பாக அணைந்திருக்கும். ஒரு நிமிடம் என்று வைத்தால், அதற்கு மேல் யோசிப்பவரின் கனெக்‌ஷனை சர்வரே துண்டித்து, செய்ததை ரத்து செய்துவிடும்.

## பூலிங்

கிளையன்ட்கள் உண்மையிலேயே நூற்றுக்கணக்கில் இருந்தால் நடுவில் ஒரு பூலரை வைப்பார்கள். சில கனெக்‌ஷன்களைத் திறந்தே வைத்துக்கொண்டு, பல கிளையன்ட்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும் புரோகிராம் அது. போஸ்ட்கிரெஸ் உலகில் அதிகம் கேள்விப்படும் பெயர் பிஜிபவுன்சர். ஸ்கைப் நிறுவனத்தில் உருவாகி 2007-ல் வெளிவந்தது. 6432 போர்ட்டில் கேட்கும். ஆப் அங்கே கனெக்ட் ஆகும், பின்னால் இருக்கும் போஸ்ட்கிரெஸுக்கு, உதாரணமாக, இருபது கனெக்‌ஷன்தான் தெரியும்.

நிறுவிவிட்டு ‘ஒரு வித்தியாசமும் இல்லையே’ என்பவர்கள் பார்க்க வேண்டியது பூல் மோட் என்ற செட்டிங்கை. இயல்பாக இருக்கும் செஷன் முறையில், கிளையன்ட் போகும்வரை கனெக்‌ஷன் அவரிடமே இருக்கும். எப்போதும் திறந்தே வைத்திருக்கும் ஆப்களுக்கு இதனால் பயனில்லை. டிரான்சாக்‌ஷன் முறையில் ஒவ்வொரு டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் கனெக்‌ஷன் அடுத்தவருக்குப் போய்விடும். பலன் அங்கேதான். அதற்கு விலையும் உண்டு: ஒரு செஷன் முழுக்க நீடிக்கும் என்று நம்பி நீங்கள் செய்த செட் கட்டளைகள், தற்காலிக டேபிள்கள், லிசன் என்ற கட்டளை (முதல் வாசலில் பார்த்த செட்டிங் அல்ல) போன்றவை நம்பகமாக இருக்காது. அடுத்த டிரான்சாக்‌ஷனுக்கு வேறு ப்ராசஸ் கிடைக்கலாம்.

பூலர் வந்ததும் இரண்டாம் வாசலிலும் ஒன்று மாறும். போஸ்ட்கிரெஸின் கண்ணுக்கு எல்லாரும் பூலரின் ஒரே முகவரியிலிருந்து வருபவர்களாகத் தெரிவார்கள். முகவரி பார்த்துப் பிரிக்கும் விதிகளை பிஜிபவுன்சரின் சொந்த எச்பிஏ கோப்புக்கு நகர்த்த வேண்டும். பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியிலும் முகவரியை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு, ஒவ்வொரு ஆப்பின் கனெக்‌ஷன் விவரத்திலும் அப்ளிகேஷன் நேம் என்பதை நிரப்பி வையுங்கள், ‘பில்லிங்’, ‘அறிக்கை’, ‘இரவு வேலை’ என்று. பூலர் அந்தப் பெயரைப் பின்னால் கடத்திக் கொடுக்கும், யார் மடியில் புடவை இருக்கிறது என்று ஒரே செலக்டில் தெரிந்துவிடும்.